பெரிய டயர் பெருமையா?

பள்ளிக்கு ஹைலக்ஸில் பிள்ளையைக் கொண்டுவரும் பெற்றோர் ஒருவர், 265/65 ஆர்17 டயரைக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 பொருத்தியிருந்தார். கம்பீரம்தான், மறுக்கவில்லை. கணக்கோ வேறு சொல்கிறது.

265 மி.மீ. அகலத்தில் 65 விழுக்காடே பக்கவாட்டு உயரம். அதனை இரட்டித்து 17 அங்குல ரிம்மைக் கூட்டினால் விட்டம் 776 மி.மீ. புதியதற்கு 831, ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல்! சரியாகக் காட்டிவந்த வேகமானி இனி 90 காட்டும்பொழுது வண்டி 96இல் ஓடும். கனத்த சக்கரத்தை நிறுத்த பிரேக்குக்கும் கூடுதல் வேலை. வாயிலில் நிற்பவர்களோ நம் பிள்ளைகள். (ஆறாம் ஆண்டுக்கு இதைவிட நல்ல விழுக்காட்டுக் கணக்கு கிடைக்குமா?)

18 அங்குல ரிம்தான் வேண்டுமெனில் 265/60 ஆர்18 போடலாமே, விட்டம் 775தான். சுமைக் குறியீடு குறையாதிருப்பதையும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். சுமை ஏற்றும் வண்டியல்லவா?