விலங்கியல் படித்தால் வேலை கிடைக்குமா?



பிள்ளைகள் ஆசையோடும் பெற்றோர் பயத்தோடும் கேட்கும் ஒரு துறையை இம்முறை எடுத்துக்கொள்கிறோம்: விலங்கியலும் வனவிலங்கு உயிரியலும்.

அந்தப் பயம் நியாயமானதே. கனடாவில் இத்துறையின் தொடக்க வேலைகளில் பல, கோடைகால ஒப்பந்தங்கள்தான். குளிர் தொடங்குமுன் முடிந்துவிடும். நிரந்தர வேலைக்குச் சில ஆண்டுகள் பிடிக்கலாம். ரொறன்ரோவை விட்டுத் தொலைதூரம் போகவும் நேரிடும்.

ஆனாலும் கதவுகள் உண்டு. கனேடிய வனவிலங்குச் சேவை, பார்க்ஸ் கனடா, மாகாண அமைச்சு ஆகியவை நமக்குத் தெரிந்தவை. பலர் அறியாதது சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள். வீதியோ வீட்டுத்திட்டமோ வருமுன், அந்த நிலத்தில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று கணக்கெடுக்க இவர்களுக்கு உயிரியல் படித்தவர்கள் தேவை.

குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே இளமாணிப் படிப்பு உண்டு. எங்கே படித்தாலும் புள்ளிவிவரவியலையும் கணினி வரைபடக் கலையையும் விடாதீர்கள். களத்தில் எடுத்த கணக்கைப் பயனாக்குவது அவைதான். வாகன அனுமதிப்பத்திரம் எடுத்துவிடுங்கள். களத்துக்குப் பேருந்து போகாது. ஆராய்ச்சிப் பணி வேண்டுமென்றால் பெரும்பாலும் முதுமாணிப் பட்டம் தேவைப்படும்.

தூரத்தில்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. நம் ஸ்காபரோவிலேயே ரொறன்ரோ மிருகக்காட்சிசாலை, பிளாண்டிங்ஸ் ஆமைக் குஞ்சுகளை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வளர்த்து, 2014 முதல் ரூஜ் தேசிய நகரப் பூங்காவில் விட்டுவருகிறது. அந்த ஆமை முட்டையிடும் வயதை எட்ட ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகலாம். இன்று அதை நீரில் விடுகிற இளைஞர், பலனைக் காணும்போது நடுவயதாகியிருப்பார். உடனே பலன் தேடுகிறவர்களுக்கு ஏற்ற வேலையல்ல இது.

இது ஊழியமாகுமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆதாமுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலைகளில் ஒன்று, விலங்குகளைப் பார்த்துப் பெயரிடுவது (ஆதியாகமம் 2). 1983இல் போர்த்துக்கலில் தொடங்கிய ஆ ரோஷா என்ற கிறிஸ்தவ அமைப்பு, இயற்கைப் பாதுகாப்பையே தன் ஊழியமாகக் கொண்டு கனடாவிலும் பணியாற்றுகிறது.

பெற்றோரே, "சம்பளம் எவ்வளவு?" என்று கேளுங்கள், தவறில்லை. அதோடு நிறுத்தாமல், எந்தப் பாடம் எடுக்கலாம், அடுத்த கோடையில் எங்கே தொண்டு செய்யலாம் என்றும் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு கோடை சேற்றில் நின்று பார்த்தால், இது ஆசையா அழைப்பா என்பது பிள்ளைக்கே ஓரளவு தெரிந்துவிடும். பிறகு சேர்ந்து ஜெபித்து முடிவெடுங்கள்.