வாளின் போக்கறிந்து அணைப்பலகை

1983 முதல் 2009 வரை நீடித்த போரில் இடிந்த யாழ்ப்பாணத்து நாற்சார் வீடொன்றினின்று மீட்ட வேப்பம் பலகை கிடைப்பின், அதனை விறகாக்க நமக்கு மனம் வராது. விளிம்பில் நிறுத்தித் தடிப்பை இரண்டாக அரிந்து, புத்தகம்போல் விரித்தால், அலுமாரிக் கதவிரண்டிலும் மரவரிகள் இணைசேர்ந்து நிற்கும். பட்டைவாள் வழிதவறினாலோ, அதற்கு ஈடான மற்றொரு பலகை வாய்ப்பதரிது.

பலகையை நேர்வழியிற் செலுத்தும் தடுப்பை ஆங்கிலத்தில் வேலி என்பர். நமக்கு வேலியென்றால் கதியாலும் கிடுகுமே. ஆதலின் அணைப்பலகை என்போம். 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகைத் துண்டுகள் இரண்டைச் செங்கோணமாய்ப் பொருத்தி, பின்புறம் முக்கோணத் தாங்கிகள் வைத்துத் திருகாணியிட்டால் அது முடிந்தது. உயரம் அரியும் பலகையினும் சற்றுக் குறைவாயிருக்கலாம். மூலைமட்டத்துக்கு மட்டும் பிசகலாகாது.

அதனை மேசை விளிம்புக்குச் சமாந்தரமாய் இறுக்குவதே பலர் வழக்கம். வாளோ பெரும்பாலும் தன் போக்கிற் சிறிது சரிந்தே செல்லும். எனவே கழிவுப் பலகையொன்றின் நேர்விளிம்புக்குச் சமாந்தரமாய்க் கோடிட்டு, கைப்பிடியிலேயே அக்கோட்டின்வழி அரிக. பாதியில், பலகையை அசையாது பிடித்தபடி இயந்திரத்தை நிறுத்தி, வாள் ஓய்ந்தபின் விளிம்பின் சரிவை மேசையிற் குறிக்க. அணைப்பலகையை அச்சரிவிலேயே கிளாம்பிட்டு இறுக்குவோம். வாள் மாற்றினால் மறுபடியும் பார்க்க வேண்டும்.

பழைய மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும். முன்னரே காந்தத்தால் தடவிப் பார்த்துக் களைக. கடைசி அரையடிக்குக் கையை விலக்கித் தள்ளுகட்டையை எடுத்துக்கொள்க.