பிடிகயிறும் பழைய சாக்கும்

மாட்டை விற்கிறவர் அதன் பிடிகயிற்றைத் தன்னிடமே நிறுத்திக்கொள்வது நம் கிராமங்கள் பலவற்றிலும் உள்ள வழக்கம். கயிறும் போனால் வீட்டின் செல்வமும் கூடவே போய்விடும் என்று நம்பிக்கை. மாட்டுக்கு அது பொருந்தலாம். நாய்க்கு இதற்கு நேர்மாறான வழக்கமொன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வீடு மாறும் நாயோடு அதன் பழைய பொருள் ஒன்றேனும் போக வேண்டும், அதுவும் துவைக்கப்படாமல்.

இதை விருதுநகர் மாவட்டத்தை முன்வைத்துப் பேசக் காரணமுண்டு. சிவகாசிப் பட்டாசைப் போலவே ராஜபாளையம் நாயும் பிறந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு நாடெங்கும் போகிறது. 2005 ஜனவரியில் அஞ்சல்தலை கண்ட நான்கு இந்திய நாயினங்களில் அதுவும் ஒன்று. நாட்டு நாயினங்களைப் பற்றி சு. தியடோர் பாஸ்கரன் பல ஆண்டுகளாக எழுதிவந்திருக்கிறார். 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையிலும் ராஜபாளையத்தின் பெயர் இடம்பெற்றது. இனத்துக்கு இவ்வளவு மரியாதை. ஆனால் ஊரைவிட்டுப் புறப்படும் ஒற்றைக் குட்டியோடு என்ன அனுப்புகிறோம்? துளையிட்ட அட்டைப்பெட்டி, அடியில் விரித்த செய்தித்தாள். பட்டாசுப் பெட்டியைக் கட்டுவதில் காட்டும் அக்கறையில் கால்வாசிகூட இதில் இல்லை.

நாயின் உடைமை என்பது உண்மையில் வாசனைதான். மனிதனின் மூக்கில் வாசனையை உணரும் அணுக்கள் ஏறத்தாழ 50 லட்சம் என்றால், நாய்க்கு 20 கோடிக்கும் மேல். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் 12 நாய்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். பழகிய மனிதரின் வாசனை வந்தபோது, அவர் அருகில் இல்லாதபோதும், மகிழ்ச்சியின் எதிர்பார்ப்போடு தொடர்புடைய மூளைப்பகுதி மற்ற வாசனைகளைவிட அதிகமாகத் தூண்டப்பட்டது.

ராஜபாளையம் இனத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். தூய வெண்ணிறத்தோடு சேர்ந்துவரும் பிறவிச் செவிடு இவ்வினத்தில் நன்கறியப்பட்ட குறை. பட்டாசு பூமியின் அருகே, வெடியொலி கேளாமலே பிறக்கும் குட்டிகள்! அத்தகைய குட்டியைப் புது வீட்டில் அன்பான குரலால் தேற்ற முடியாது. தாயோடு படுத்திருந்த சாக்கின் ஒரு துண்டு தேற்றலாம்.

பழைய துணியோடு நோயும் வருமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பார்வோ கிருமி பொருள்களில் மாதக்கணக்கில் தங்கக்கூடியது. நோய் கண்ட வீட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. அந்த வீட்டிலிருந்து குட்டியையே வாங்காமலிருப்பது அதைவிட நல்லது.

குடும்பத்தோடு வீடு மாறுகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். நாயின் சாமான்களைக் கடைசியில் கட்டி, முதலில் பிரிக்க வேண்டும். பழைய தட்டு, பழைய விரிப்பு, ஒரு வாரத்துக்குப் பழகிய உணவு, தடுப்பூசி அட்டை: இவை லாரியில் அல்ல, நம் கைப்பையில் வர வேண்டும். புது வீடு என்பதற்காக எல்லாவற்றையும் புதிதாக வாங்குவது நம் ஆசைதானே தவிர நாயின் ஆசையல்ல. ரயிலில் முதல் வகுப்புக் கூபேயில் உடன் அழைத்துச் செல்ல விதி இடந்தருகிறது. இல்லையேல் கார்டு பெட்டியின் நாய்க்கூண்டுதான். அந்த இருட்டில் ஒரு பழைய துண்டு பெரிய துணை. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் காது கேட்கும் நாயை இடம் மாற்றாமலிருப்பது இன்னும் நல்லது.

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாதென 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. உடன் சாக்கைக் கொடு என்று எந்த விதியும் சொல்லாது. வாங்குகிறவர் கேட்டால்தான் விற்கிறவர் கொடுப்பார். விலை பேசி முடிந்ததும், தாய்நாய் படுத்த துணியில் ஒரு முழம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு யாரும் காசு கேட்கப் போவதில்லை.