முகாம் அல்ல, உரிமை!

மகாராஷ்டிர மாநிலத்தின் மராத்வாடா பகுதியில் அடுத்தடுத்து அமைந்திருப்பவை பீட், உஸ்மானாபாத் மாவட்டங்கள். உஸ்மானாபாத்துக்கு இப்போது தாராசிவ் என்று பெயர். இரண்டும் வறட்சியால் வாடுபவை; இரண்டிலிருந்தும் ஆண்டுதோறும் கரும்பு வெட்டப் பெருந்திரளாக மக்கள் புலம்பெயர்கின்றனர். பெண்களின் உடல்நலம் குறித்து இந்தியா கற்க வேண்டிய பாடங்கள் இவ்விரு மாவட்டங்களிலும் எழுதப்பட்டுள்ளன.

1999இல் உஸ்மானாபாத் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையிலான ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடையே ஓர் ஆய்வு தொடங்கியது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைக் கண்டறியும் சோதனையை ஒரே ஒரு முறை செய்து, தேவைப்பட்டோருக்குச் சிகிச்சை அளித்தாலே அந்நோயால் நேரும் மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றன என்பதை 2009இல் வெளியான அதன் முடிவுகள் காட்டின. ஒப்பீட்டுக் குழுவில் வைக்கப்பட்ட ஏழைப் பெண்களுக்கு அச்சோதனை செய்யப்படாதது அறமா என்ற கேள்வி பின்னர் கடுமையாக எழுந்தது. அவர்கள் உயிரைப் பணயம் வைத்து உலகுக்கு ஈட்டித் தந்த அறிவு அது. முதலில் பயனடைந்திருக்க வேண்டியவர்கள் அந்தப் பகுதியின் பெண்களே.

நடந்தது வேறு. பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களின் கருப்பைகள் பெருமளவில் அகற்றப்படுவது 2019இல் அம்பலமானது. மாநில அரசு அமைத்த குழுவின் கணக்கெடுப்பில், விசாரிக்கப்பட்ட 82,309 பெண்களில் 13,861 பேர் கருப்பை இழந்திருந்தனர். ஆறில் ஒருவர்! 15-49 வயதுப் பெண்களில் இதன் தேசிய அளவு சுமார் 3 சதவிகிதம் மட்டுமே. கருப்பை இழந்தவர்களில் இருபதுகளில் இருந்த இளம் பெண்களும் உண்டு.

இதன் பின்னணியில் இருப்பது அப்பட்டமான சுரண்டல். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கோய்தா', அதாவது ஓர் அரிவாள் என்றே கணக்கிடப்படுகின்றனர். ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். கரும்புக் காட்டில் கழிப்பறை இல்லை, குளிக்க நீரில்லை, மாதவிடாய்க்கு ஓய்வில்லை. தொற்று வருகிறது, வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியும் அதிக உதிரப்போக்கும் தொடர்கின்றன. பெரும்பாலும் மருந்தால் தீரக்கூடிய இத்தொல்லைகளுடன் தனியார் மருத்துவமனைக்குச் சென்ற பெண்கள் பலரிடம், "அகற்றாவிட்டால் புற்றுநோய் வரும்" என்று சொல்லப்பட்டது. கடன் வாங்கி அறுவை செய்துகொண்டு, சில வாரங்களில் மீண்டும் அரிவாளுடன் வயலுக்குத் திரும்பினர்.

அடுத்த மாவட்டத்தில் ஒரு சோதனையின் வலிமை நிரூபிக்கப்பட்டது. இங்கோ அந்தச் சோதனையின்றிப் புற்றுநோய் அச்சம் மட்டும் விற்கப்பட்டது. பரிசோதனை இல்லாத இடம் வெற்றிடமாக இருப்பதில்லை. அங்கே சந்தை வந்து அமர்கிறது. தன் உடலின் நிலையை அறிய வழியில்லாத பெண் அச்சத்துக்கு எளிதில் இரையாகிறாள். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களிலும் இதே கொடுமை நிகழ்ந்தது. அரசுக் காப்பீட்டுப் பணம் தனியார் கைக்குப் போவதற்கு ஏழைப் பெண்களின் கருப்பைகள் வழியாயின. இது குறித்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்று நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

ஒன்றிய அரசின் அணுகுமுறை என்ன? 2025 செப்டம்பர் 17 அன்று மத்தியப் பிரதேசத்தின் தார் நகரில் பெண்கள் நலனுக்கான சுகாதார இயக்கத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். அக்டோபர் 2 வரை நாடெங்கும் முகாம்கள் நடந்தன. பதிவு செய்தோர் எண்ணிக்கைக்காகக் கின்னஸ் சாதனைப் பட்டங்களும் பெறப்பட்டன. முகாமில் ரத்தச்சோகை என்று கண்டறியப்பட்ட பெண் மறுமாதம் எங்கே போவாள், யார் அவளைத் தொடர்ந்து கவனிப்பார் என்பதே உண்மையான கேள்வி. அதற்குக் கின்னஸ் புத்தகத்தில் விடை இல்லை.

அரசின் சொந்தப் புள்ளிவிவரங்களே நிலைமையைச் சொல்கின்றன. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), 30-49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒரு முறையேனும் செய்துகொண்டோர் 1.9 சதவிகிதமே. 2030க்குள் 70 சதவிகிதப் பெண்கள் 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் உயர்தரப் பரிசோதனை பெற வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் இலக்கு. 15-49 வயதுப் பெண்களிடையே ரத்தச்சோகையோ முந்தைய ஆய்வின் 53 சதவிகிதத்திலிருந்து 57 சதவிகிதமாக உயர்ந்துள்ளது.

முப்பது வயதுக்குட்பட்ட பெண்களின் நிலை இன்னும் மோசம். தொற்றா நோய்களுக்காக ஆஷா ஊழியர்கள் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவமே 30 வயதானோரிடமிருந்துதான் தொடங்குகிறது. கர்ப்பிணிகளைப் பரிசோதிக்க 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி ஒதுக்கப்பட்டுள்ளது, அது தேவையானதே. ஆனால் கர்ப்பம் தரிக்காத இளம் பெண்ணுக்கு நாட்காட்டியில் ஒரு தேதியும் இல்லை. பெண்ணைத் தாயாக மட்டும் பார்க்கும் அரசுக்கு, தொழிலாளியாக, குடிமகளாக அவள் கண்ணில் படுவதில்லை. மாற்று வழி இல்லாமல் இல்லை. கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு 2023இல் தொடங்கிய 'விவா' ரத்தச்சோகை ஒழிப்பு இயக்கம், 15 முதல் 59 வயது வரையிலான பெண்கள் அனைவரையும் கணக்கில் கொண்டது.

நிதி ஒதுக்கீட்டிலும் முன்னுரிமை தலைகீழாக உள்ளது. 2025க்குள் பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவிகிதமாக்குவோம் என்ற 2017 தேசிய சுகாதாரக் கொள்கையின் வாக்குறுதி நிறைவேறவில்லை. ஆயுஷ்மான் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் தருகிறது. நோயை முன்கூட்டியே கண்டறியும் புறநோயாளிப் பரிசோதனைக்குத் தருவதில்லை. வெட்டி எடுக்கப் பணம் உண்டு. வருமுன் காக்க இல்லை.

எனவே, 18 வயது நிறைந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆண்டுதோறும் ரத்தச்சோகை, ரத்த அழுத்தப் பரிசோதனையும், இனப்பெருக்க உறுப்புத் தொற்றுகளுக்கு ஆலோசனையும் சிகிச்சையும், 30 வயது முதல் எச்.பி.வி. பரிசோதனையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். அவை பெண்ணின் சம்மதத்தோடும் அந்தரங்கம் காக்கப்பட்டும் நடைபெற வேண்டும். பரிசோதனை நாளுக்கு ஊதியத்துடன் விடுப்பு வேண்டும். வயல்களில் அபராத முறை தடை செய்யப்பட வேண்டும். புலம்பெயர்ந்த பெண்ணின் மருத்துவப் பதிவு சர்க்கரை ஆலைப் பகுதியிலும் செல்ல வேண்டும். கருப்பை அகற்றும் ஒவ்வோர் அறுவையும் தணிக்கைக்கு உட்பட வேண்டும். இந்தப் பணிகளையெல்லாம் தோளில் சுமக்கும் ஆஷா ஊழியர்கள் 'தன்னார்வலர்' என்ற பெயரிலிருந்து விடுபட்டு, அரசு ஊழியர்களாக அங்கீகரிக்கப்பட வேண்டும்.

இவை மாதர் அமைப்பின் கோரிக்கைகள் மட்டுமே என்று ஒதுக்கிவிட முடியாது. கூலி உயர்வுக் கோரிக்கைப் பட்டியலில் கழிப்பறையும் பரிசோதனை விடுப்பும் இடம்பெறாதவரை, தொழிற்சங்கத்தின் கணக்கிலும் பெண் அரை அரிவாளாகவே இருப்பாள். ஒவ்வொரு கிளையும் தன் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தப் பரிசோதனை கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்று கேட்கத் தொடங்கட்டும். போராட்டம் அந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கும்.