சேறு அள்ள வருகிறவர் எங்கே படுப்பார்?

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண் சரிந்து 5 குழந்தைகள் உள்பட 7 பேர் இறந்தனர். புயல் ஓய்ந்ததும் சேற்றையும் குப்பையையும் அள்ளுவோர் பெரும்பாலும் தலித் தூய்மைப் பணியாளர்களே. 2015 சென்னை வெள்ளத்துக்கும் 2023 மிக்ஜாம் புயலுக்கும் வெளிமாவட்டங்களிலிருந்து இவர்களைத்தான் வரவழைத்தார்கள். எத்தனை பேர் தேவை என்பது முதல் கேள்வி. எங்கே படுப்பார்கள், எங்கே குளிப்பார்கள் என்பது கடைசிக் கேள்வி.

தீபத்துக்கு வரும் லட்சக்கணக்கானோருக்குத் தற்காலிகப் பேருந்து நிலையமும் கழிப்பறையும் அமைக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு இது முடியாத காரியமல்ல. பாய், போர்வை, வெந்நீர், பெண்களுக்குத் தனிக் குளியலறை, மருத்துவர் கொண்ட முகாம், மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். அது சலுகையல்ல, உழைப்பவரின் உரிமை. அடுத்த மழைக்கு முன் செய்யுங்கள்.