கொடுக்கிற கை வாங்குமா?

எல்லா மதமும் இல்லாதவனுக்கு இரங்கத்தான் சொல்லுது என்று தோழர்கள் சிலர் கூட்டங்களில் பேசுகிறார்கள். சொல்லுதுதான். இல்லாதவனைப் பார்த்துக்கொள்வதே மெய்யான மதம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனா, அப்படிப் பார்த்துக்கிறவன் கை எங்க வரைக்கும் நீளுது என்பதுதான் என் கேள்வி.

எங்க ஊர்த் திருவிழாவிலும் அன்னதானம் உண்டு. சேரிக்குக் குண்டானில் சோறு வரும். பந்தியில் இடம் கிடையாது. அந்தச் சோத்தைத் தின்னு வளர்ந்தவன்தான் நானும். பசி அடங்கியது உண்மை. தீண்டாமை அடங்கல என்பதும் உண்மை.

1867இல் வடலூரில் வள்ளலார் தருமச்சாலை திறந்தபோது சாதி, மதம் எதுவும் கேட்கவில்லை. பசி ஒன்றே போதும் என்றார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அதே தமிழ்நாட்டில்தான், 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் மறித்தார்கள். நமக்குச் சோறு போடுவது புண்ணியம், நம்ம கையால் தின்பது தீட்டு என்றால் அது என்ன இரக்கம்? ஏசுவின் பேரைச் சொல்லிக்கொண்டே பிணத்தையும் சாதி பார்த்துப் புதைக்கிற கல்லறைகளும் இங்கே உண்டு.

விநயபிடகத்தில் ஒரு செய்தி வருகிறது. வயிற்றுப்போக்கு கண்டு, தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைக் கவனிக்க ஆளில்லை. புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தன் கையாலேயே ஊற்ற, ஆனந்தர் கழுவ, இருவருமாகத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். பீ அள்ளுறது யாரோ ஒரு சாதியோட தலையெழுத்து என்று விட்டுவிடல. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு அம்பேத்கர் போய்ச் சேர்ந்தது இந்த புத்தரிடம்தான்.

இங்கே நிலைமை என்ன? கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. சாக்கடைக்குள் செத்தால் கொடுக்கிற இழப்பீட்டை 2023இல் உச்சநீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. செத்தவர் குடும்பத்துக்கு அந்தப் பணம் வேணும்தான். ஆனா உள்ளே இறக்கிவிடப்படுவது பெரும்பாலும் நம்ம பிள்ளைகள்தான் என்பது மாறல. அதை மாற்ற எந்த மடம், எந்தச் சபை தெருவுக்கு வந்தது?

மாணவத் தோழர்களே, உதவி என்று வருகிறவர்களை விரட்டச் சொல்லல. பசிக்குது, வாங்கித் தின்போம். கூடவே, "எங்க வீட்ல ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று கூப்பிடுங்க. உட்கார்ந்து சாப்பிட்டா அவரிடம் மதம் இருக்கிறது. வேலை இருக்குன்னு கிளம்பினா, அவர் கொண்டுவந்தது அரிசி மட்டும்தான்.