குடலைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க, சாஸ் ஜாடியைப் பாருங்க

1/ மணிலா தள்ளுவண்டிக் கடை வீடியோ ஒன்னை இந்த வாரம் நாலு பேர் எனக்கு அனுப்பிட்டாங்க. "குடலைக் குச்சியில குத்திச் சுட்டுத் திங்குறாங்களே டாக்டர், உடம்பு என்னத்துக்கு ஆகும்?" அதுல ஒருத்தரோட பொண்ணு பிலிப்பைன்ஸ்லதான் மருத்துவம் படிக்குது. அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

2/ முதல்ல, அங்க என்னதான் விக்கிறாங்க?

இசாவ்: கோழி அல்லது பன்றிக் குடல். கழுவி, வேகவைத்து, குச்சியில் குத்தி, கரியில் சுடுவது.
பீட்டாமேக்ஸ்: உறைந்த ரத்தக் கட்டி. பழைய வீடியோ கேசட் மாதிரி கறுப்பா இருக்குறதால அந்தப் பேர்.
அடிடாஸ்: கோழிக்கால். மூணு விரல், மூணு கோடு!
குவெக் குவெக்: அவித்த காடை முட்டையை ஆரஞ்சு நிற மாவில் முக்கிப் பொரித்தது.
பலூட்: கரு வளர்ந்த வாத்து முட்டை, ஓட்டோடு அவித்தது.
தாஹோ: காலையில் விக்கிற சூடான, மிருதுவான சோயா டோஃபு. மேலே சர்க்கரைப் பாகு, ஜவ்வரிசி.

3/ "உவ்வே"ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். குடல் குழம்பும் ரத்தப் பொரியலும் நம்ம ஊர்லயும் உண்டு. ரத்தத்தில் உடம்பு எளிதா எடுத்துக்கிற இரும்புச்சத்து இருக்கு, முட்டையில் புரதம் இருக்கு. கையில காசு குறைவா இருக்கிறவனுக்கு இது சத்தான சாப்பாடு. அருவருப்பு வேற, ஆபத்து வேற.

4/ கிருமி நம்ம முகச்சுளிப்பைப் பார்த்து வர்றதில்லை. உணவின் நடுப்பகுதி வரை 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினா பெரும்பாலான கிருமிகள் செத்துடும். இசாவ் ஒரு தடவை வெந்து, இன்னொரு தடவை நெருப்புல வாட்டப்படுது. பலூட் ஓட்டுக்குள்ளயே அவியுது. சுடச்சுடச் சாப்பிட்டா, பார்க்கப் பயங்கரமா இருக்கிற இந்த ரெண்டும் ஓரளவு பாதுகாப்பானவைதான்.

5/ அப்போ வில்லன் யாரு? பக்கத்துல இருக்கிற சாஸ் ஜாடி.

எல்லாருக்கும் பொதுவா ஒரே ஜாடி. ஒருத்தர் முக்கி, ஒரு கடி கடிச்சு, அதே குச்சியை மறுபடி முக்குவார். அடுத்து நீங்க. "வினிகர்தானே, கிருமி செத்துடும்"னு நம்பாதீங்க. மஞ்சள் காமாலையைக் கொண்டு வர்ற ஹெபடைடிஸ் ஏ வைரஸ் வயிற்று அமிலத்தையே தாண்டி வர்றது. அதுக்கு வினிகர் எம்மாத்திரம்? இனிப்பு சாஸ் மணிக்கணக்கா திறந்து கிடந்தா பாக்டீரியாவுக்கு விருந்து.

அடுத்த வில்லன்கள்: ஐஸ், கலர் பானம், காலையில பொரிச்சு ஆறிப்போன அயிட்டம், காசு வாங்கின அதே கை.

6/ தொற்று இல்லாத தொந்தரவும் உண்டு. குடல், ஈரல் மாதிரி உறுப்பு இறைச்சியில் பியூரின் அதிகம். யூரிக் அமிலம், கவுட் இருக்கிறவங்க தவிர்ப்பது நல்லது. பிபி இருக்கிறவங்க சாஸின் உப்பைக் கவனிங்க.

7/ இப்போ என் கருத்து. எல்லாப் பழியையும் வண்டிக்காரர் மேல போடாதீங்க. குழாய் இல்லாத ரோட்டுல ஒரு வாளித் தண்ணிய வச்சு நாள் முழுக்க சமாளிக்கிறார். "சோப்பு போட்டுக் கை கழுவு"ன்னு அவர்கிட்டச் சொல்றதுக்கு முன்னாடி, தண்ணி குடுத்தோமான்னு கேக்கணும்.

சிங்கப்பூர்லயும் ஒரு காலத்துல இதே நிலைதான். 1971 முதல் 1986 வரை தெருவோர வியாபாரிகளைத் தண்ணீர்க் குழாய், கழிவுநீர் வசதி உள்ள உணவு மையங்களுக்கு மாத்தினாங்க. சாப்பாடும் அழியல, பிழைப்பும் அழியல. 2020-ல் யுனெஸ்கோ அந்த ஹாக்கர் கலாசாரத்தைத் தன் பட்டியல்ல சேர்த்துச்சு. வண்டியைத் தூக்குறது சுகாதாரம் இல்லைங்க, குழாய் போடுறதுதான் சுகாதாரம்.

8/ அங்க படிக்கிற பிள்ளைகளுக்கு:

கண் முன்னாடி சுட்டதை, பொரித்ததை மட்டும் வாங்குங்க.
சாஸைத் தனிக் கப்பில் கரண்டியால் ஊத்தச் சொல்லுங்க. பொது ஜாடி வேண்டாம்.
ஐஸ் வேண்டாம். சீல் வைத்த பாட்டில் தண்ணீர் போதும்.
கிளம்பும் முன் ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு தடுப்பூசி பற்றி உங்க டாக்டர்கிட்டக் கேளுங்க.
வயித்தாலே போனா உடனே ஓஆர்எஸ். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், கண்ணில் மஞ்சள் இருந்தா ஆஸ்பத்திரி. கடையில நீங்களா ஆன்டிபயாடிக் வாங்காதீங்க.

9/ அந்த அப்பாவுக்கு நான் அனுப்பின பதில்: "பொண்ணு இசாவ் சாப்பிடட்டும் சார். சாஸை மட்டும் தனியா வாங்கிக்கச் சொல்லுங்க."

பிள்ளைங்க வெளிநாட்டுல படிக்கிற வீடுகளுக்கு இதைப் பகிருங்க.